ஹம்பாந்தோட்டையில் சீனக் கப்பல், காட்டுப்பள்ளியில் அமெரிக்கக் கப்பல்: சென்னைக்கு எது பெரிய தலைவலி?

கேள்வி, 8 செப்டம்பர் 2025 (பெரம்பூர் வாசகர்)

இலங்கையின் ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனா 99 வருஷத்துக்கு எழுதி வாங்கிவிட்டது. அங்கிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் 800 கிலோமீட்டர்கூட வராது. கல்பாக்கமும் ஸ்ரீஹரிகோட்டாவும் அவர்கள் கண்ணுக்கு எட்டுகிற தூரம். இந்த நேரத்தில் நம் பிரதமர் தியான்ஜின் போய் ஷி ஜின்பிங்கோடு கைகுலுக்கிவிட்டு வந்திருக்கிறார். பேசாமல் ஜப்பான், ஆஸ்திரேலியா மாதிரி அமெரிக்காவோடு முழுக் கூட்டணி சேர்ந்துவிட்டால் தீர்ந்தது. ஏன் இழுத்தடிக்கிறார்கள்? துறைமுக வேலையில் இருந்த பெரியவர்கள் யாராவது சொல்லுங்கள் சார்.

8 செப்டம்பர், இரவு

துறைமுக வேலை என்றாலும் நான் கப்பலில் போனவன் இல்லை, தம்பி. தம்புச் செட்டித் தெருவில், துறைமுகச் சரக்கை விடுவித்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் காலம் தள்ளியவன். பில் ஆஃப் என்ட்ரி, டெலிவரி ஆர்டர், டெமரேஜ் (தாமதக் கட்டணம்) சண்டை, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உலக அரசியல். அந்த ஜன்னல் வழியாகப் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த 99 வருஷம். கடனைக் கட்ட முடியாமல் இலங்கை துறைமுகத்தைக் கொடுத்தது, கடன் கழிந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நடந்தது வேறு. துறைமுகம் கட்டக் கடன் கொடுத்தது சீன எக்ஸிம் வங்கி. 2017 டிசம்பரில் 70 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது சைனா மெர்ச்சன்ட்ஸ் என்ற வேறொரு கம்பெனி, விலை 112 கோடி டாலர். அந்தப் பணம் இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் சேர்ந்தது. எக்ஸிம் வங்கிக் கடன் அப்படியே நின்றது. 2022 ஏப்ரலில் இலங்கை கையை விரித்தபோது அதன் வெளிநாட்டுக் கடனில் பெரிய பங்கு சீனாவுடையதும் இல்லை, சந்தையில் பாண்டு (கடன் பத்திரம்) வாங்கிய முதலீட்டாளர்களுடையது. துறைமுகத்தின் பாதுகாப்பு இன்றைக்கும் இலங்கைக் கடற்படையிடம் இருக்கிறது.

இதையெல்லாம் சீனாவுக்கு வக்காலத்து வாங்கச் சொல்லவில்லை. எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதில் நாம் குழம்பிப்போயிருக்கிறோம், அதற்காகச் சொல்கிறேன்.

அடுத்தது கல்பாக்கம். அதை எட்டிப் பார்க்கக் கப்பல் எதற்கு? செயற்கைக்கோள் தலைக்கு மேலேயே போகிறது. 2022 ஆகஸ்ட் 16 அன்று ஹம்பாந்தோட்டைக்கு வந்த யுவான் வாங் 5, ராக்கெட்டையும் ஏவுகணையையும் பின்தொடர்கிற கப்பல். ஒடிசா கடற்கரையில் நாம் ஏவுகணை விட்டுப் பார்க்கும்போது அது வங்காள விரிகுடாவில் நின்றால் தொல்லைதான். ஆனால் என்னைக் கேட்டால் அதைவிட வில்லங்கமானவை அப்புறம் வந்த ஆய்வுக் கப்பல்கள். 2023 அக்டோபரில் ஷி யான் 6 கொழும்புக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் ஷியாங் யாங் ஹோங் 03 மாலத்தீவுக்குப் போனது. இவை கடலின் வெப்பம், உப்பு, தரையின் மேடுபள்ளம் எல்லாவற்றையும் அளக்கக்கூடியவை. தண்ணீரில் சத்தம் எப்படி வளைந்து போகும் என்பதை வெப்பமும் உப்பும்தான் முடிவு செய்கின்றன. வங்காள விரிகுடாவில் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி எல்லாம் கொட்டுகிற நல்ல தண்ணீர் மேலே ஒரு படலமாக நிற்பதால் கணக்கு இன்னும் சிக்கல். நீர்மூழ்கி எங்கே ஒளியலாம், ஒலியை வைத்துத் தேடுகிற சோனார் எங்கே ஏமாறும் என்பதற்கு இந்த அளவுகள்தான் ஆதாரம். மீன்வளத்துக்கும் பருவமழைக்கும் வேண்டிய அளவும் இதேதான். அதனால்தான் "விஞ்ஞானம்" என்று சொல்லிக்கொண்டு வர முடிகிறது.

கூட்டணி விஷயம் நாளைக்கு.

9 செப்டம்பர்

யுவான் வாங் வந்ததற்கு ஒன்பது நாள் முன்னால், 2022 ஆகஸ்ட் 7 அன்று, அமெரிக்கக் கடற்படையின் சார்ல்ஸ் ட்ரூ என்ற சரக்குக் கப்பல் காட்டுப்பள்ளிக்கு வந்தது. எண்ணூர் தாண்டி இருக்கிற எல் அண்ட் டி கப்பல் தளத்தில் பழுதுபார்க்க. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுதுபார்ப்புக்கு வந்தது அதுதான் முதல் தடவை. 2023இல் அந்தத் தளத்தோடு அமெரிக்கக் கடற்படை நீண்டகாலப் பழுதுபார்ப்பு ஒப்பந்தமே போட்டது. 2024 மார்ச்சில் பிரிட்டனின் ஆர்கஸும் லைம் பேயும் வந்து போயின.

ஹம்பாந்தோட்டைக்குச் சீனக் கப்பல் வந்தால் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. காட்டுப்பள்ளிக்கு அமெரிக்கக் கப்பல் வந்தால் பீஜிங்கில் ஒருவன் உட்கார்ந்து மேப்பில் புள்ளி வைப்பான். அவன் வேலை அது.

9 செப்டம்பர், கொஞ்ச நேரம் கழித்து

"பழுதுபார்ப்பும் படைத்தளமும் ஒன்றா?" என்று சூடாகக் கேட்டிருக்கிறார்கள். ஒன்றில்லை. ஆனால் போர்க்காலத்தில் கப்பலை ஆயிரக்கணக்கான மைல் திருப்பி ஊருக்கு அனுப்பாமல் பக்கத்திலேயே சரிசெய்து மறுபடி களத்துக்கு விடுவதுதான் கடற்படைக்குப் பெரிய பலம். சொந்தத் தளங்களில் இடமில்லாமல் அமெரிக்கா தவிக்கிறது. அதனால் இந்தியா, ஜப்பான், கொரியா என்று வெளியே தேடுகிறது. நமக்கு வேலையும் டாலரும் கிடைக்கின்றன. அமெரிக்காவோடு 2016இல் போட்ட தளவாட ஒப்பந்தம் இல்லாமல் இந்த நெருக்கம் வந்திருக்காது. "கூட்டணி இல்லை" என்று மேடையில் சொல்லிக்கொண்டே எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று பாருங்கள்.

பழவேற்காட்டுக்காரர் ஒருவர் "எங்களைப் பற்றியும் எழுதுங்கள்" என்கிறார். நியாயம். அங்கே காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் என்றால் முதலில் வலை போடும் இடம் போகிறது. வல்லரசுப் போட்டி என்று டிவியில் பேசுகிறவர்கள் அந்த மீனவர்கள் ஏன் வருஷக்கணக்காக எதிர்க்கிறார்கள் என்று போய்க் கேட்டதாகத் தெரியவில்லை.

12 செப்டம்பர்

தம்பி விடாமல் கேட்கிறார்: "சீனா கடல் சட்டத்தை மதிக்காது, அமெரிக்கா மதிக்கும். பின்னே என்ன தயக்கம்?"

இங்கேதான் சுவாரசியம். 2021 ஏப்ரல் 7. ஜான் பால் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் லட்சத்தீவுக்கு மேற்கே சுமார் 130 கடல் மைலில், நம் பொருளாதார மண்டலத்துக்குள், நம்மிடம் கேட்காமல் போனது. போனது மட்டுமில்லை, ஏழாவது கடற்படைப் பிரிவு அறிக்கையும் விட்டது: முன் அனுமதி கேட்க வேண்டும் என்கிற இந்தியாவின் நிபந்தனை சர்வதேசச் சட்டத்துக்கு ஒத்துவராது, அதனால் வேண்டுமென்றே கேட்கவில்லை என்று. குவாட் (இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா) தலைவர்கள் முதல் தடவையாக உச்சி மாநாட்டில் பேசி ஒரு மாதம்கூட ஆகவில்லை அப்போது.

கரையிலிருந்து 12 கடல் மைல் நம் பிராந்தியக் கடல். 200 கடல் மைல் வரை மீனும் எண்ணெயும் நமக்கு. ஆனால் அந்த 200க்குள் வேற்று நாட்டுப் போர்க்கப்பல் பயிற்சி செய்யலாமா? செய்யலாம், யாரையும் கேட்க வேண்டாம் என்பது அமெரிக்கா. கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்பது இந்தியா. 1995இல் ஐ.நா. கடல் சட்டத்தை ஏற்றபோதே அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறோம். சீனா என்ன சொல்கிறது? கிட்டத்தட்ட நாம் சொல்வதையேதான் சொல்கிறது! இந்தச் சட்டத்தை ஊருக்கெல்லாம் ஓதுகிற அமெரிக்கா இன்றுவரை அதற்கு ஒப்புதல் கொடுக்கவில்லை என்பது தனிக் கூத்து.

ஆக, சீனக் கப்பல் நம் மண்டலத்தில் சுற்றினால் நாம் எந்த வாதத்தை வைத்துத் தடுப்போமோ, அதே வாதத்தைத்தான் தென்சீனக் கடலில் அமெரிக்காவுக்கு எதிராகச் சீனா வைக்கிறது. முழுக் கூட்டணி என்றால் இந்த வாதத்தை நாம் கைவிட வேண்டியிருக்கும். கைவிட்டால் ஷியாங் யாங் ஹோங்கை எதைச் சொல்லித் தடுப்பது?

13 செப்டம்பர்

"அப்போது நாம் சீனா பக்கமா?" இல்லை சாமி. சட்டத்தில் ஒரு வரி ஒத்துப்போனால் பக்கம் ஆகிவிடுமா? தென்சீனக் கடல் முழுக்க எனக்கு என்று சீனா வரைபடத்தில் போட்ட ஒன்பது துண்டுக் கோடுகளை 2016 ஜூலையில் நடுவர் மன்றம் செல்லாது என்றது. பிலிப்பைன்ஸ் ஜெயித்த வழக்கு. சீனா அந்தத் தீர்ப்பைக் குப்பையில் போட்டது. அந்த பிலிப்பைன்ஸுக்குத்தான் நாம் 2024 ஏப்ரலில் பிரம்மோஸ் ஏவுகணை அனுப்பினோம், சுமார் 37.5 கோடி டாலர் ஒப்பந்தம். யார் பக்கம் என்று பெயர் வைக்காமலேயே நிறைய செய்ய முடிகிறது.

14 செப்டம்பர், ஞாயிறு

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், நேரம் இருக்கிறது. என்னுடைய பேட்டை கொழும்பு.

சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ ஒரு கன்டெய்னர் பெட்டி ஏற்றினால் அது பல நேரம் நேராகப் போகாது. சின்ன பீடர் கப்பலில் கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ மலேசியாவின் கிள்ளாங்குக்கோ போய், அங்கே பெரிய மதர் கப்பலில் மாறும். கொழும்பு கையாளுகிற டிரான்ஷிப்மென்ட் (கப்பல் மாற்றும்) சரக்கில் பெரும்பகுதி இந்தியச் சரக்கு. நம் மூட்டையைத் தூக்கித்தான் அந்தத் துறைமுகம் பிழைக்கிறது. அதே சமயம், அங்கே ஏதாவது ஆனால் நம் மூட்டை நிற்கும்.

2023 நவம்பரில் ஏமனின் ஹூத்தி கிளர்ச்சிக்காரர்கள் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததும் பெரிய கம்பெனிகள் எல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. ஐரோப்பாவுக்கு பத்து, பதினைந்து நாள் கூடுதல். கொழும்பில் நெரிசல். நான் ஓய்வு பெற்றும் பழைய வாடிக்கையாளர்கள் விடமாட்டார்கள். ஆம்பூர் ஷூக்காரர் ஒருவர் ராத்திரி பதினோரு மணிக்கு போன் போட்டு, "என் பெட்டி எங்கே சார்?" என்பார். கப்பல் கம்பெனியில் கேட்டால் "கொழும்பு, அடுத்த கப்பலுக்கு வெயிட்டிங்" என்று ஒரே பதில். அங்கே லண்டனில் கடைக்காரன் சீசன் முடிந்துவிட்டது, பாதி விலைதான் என்று உட்கார்ந்திருப்பான். ஏமனில் எவனோ விட்ட டிரோனுக்கு ஆம்பூரில் ஓவர்டைம் நின்றது. நான் நேரில் பார்த்த இந்தோ-பசிபிக் இதுதான்.

இனி அந்தக் கொழும்புத் துறைமுகத்துக்குள் போவோம். தெற்கு முனையம் 2013 முதல் சீனாவிடம்: சைனா மெர்ச்சன்ட்ஸுக்கு 85 சதவீதம். 2014இல் சீன நீர்மூழ்கி வந்து நின்றதும் அங்கேதான். கிழக்கு முனையத்தை இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்து எடுப்பதாக 2019இல் பேச்சு ஆனது. 2021 பிப்ரவரியில், தொழிற்சங்கங்கள் கொதித்ததும், கொழும்பு அதை ரத்து செய்தது. பதிலுக்கு மேற்கு முனையம் தருகிறோம் என்றார்கள். அதில் அதானி 51 சதவீதம், ஜான் கீல்ஸ் 34, துறைமுக அதிகார சபை 15. 2025 ஏப்ரலில் இயங்க ஆரம்பித்துவிட்டது. பேசிக்கொள்ளாத பங்காளிகள் ஒரே முற்றத்தில் குடியிருக்கிற மாதிரி ஒரே துறைமுகத்துக்குள் சீன முனையமும் இந்திய முனையமும். நடுவில் வாடகை வாங்குகிறவர் இலங்கை.

அமெரிக்காவும் இதில் கை வைத்தது. 2023 நவம்பரில் அவர்களுடைய வளர்ச்சி நிதி நிறுவனம் இந்த மேற்கு முனையத்துக்கு 55.3 கோடி டாலர் கடன் என்று அறிவித்தது. சீனாவுக்குப் பதிலடி என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்த வருஷம் நவம்பரில் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் அதானி மேல் லஞ்சக் குற்றச்சாட்டு போட, டிசம்பரில் அந்தக் கடனே வேண்டாம், சொந்தப் பணத்தில் செய்கிறோம் என்று கம்பெனி விலகிக்கொண்டது. பதிலடி கொடுக்க வந்தவர்களின் ஒரு கை கொடுத்தது, இன்னொரு கை வழக்கு போட்டது. வாஷிங்டனை நம்பி எதையாவது கட்டப்போகிறவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும்.

ஹம்பாந்தோட்டையில் நிற்கிற ஒரு கப்பலைப் பார்த்து அலறுகிற நமக்கு, அன்றாடம் நம் பெட்டிகள் சீன முனையத்தின் கிரேனில் ஏறி இறங்குவது கண்ணில் படுவதே இல்லை. என்னுடைய வாதமே இதுதான். இந்தப் போட்டி சென்னைக்குக் குண்டாக வருவதைவிடத் தாமதமாகவும் சரக்குக் கட்டணமாகவும் வருவதற்கே வாய்ப்பு அதிகம்.

15 செப்டம்பர்

அதானிக்கு ஆதரவா எதிர்ப்பா என்று ராத்திரி முழுக்கச் சண்டை போட்டிருக்கிறீர்கள். நான் எழுதியது கிரேன் பற்றி.

16 செப்டம்பர்

கேரளாவில் விழிஞ்ஞம் துறைமுகம் வந்துவிட்டதே, இனி கொழும்பு எதற்கு என்று நாகர்கோவில்காரர். இந்த மே மாதம் பிரதமர் திறந்துவைத்தார், ஆழம் அருமை, கப்பல் பாதையும் பக்கம். உலகத்தின் மிகப்பெரிய கன்டெய்னர் கப்பல்களே வந்து போகின்றன. நல்ல காரியம். ஆனால் ரயில் இணைப்பு இன்னும் இல்லை. அப்புறம் கப்பல் கம்பெனிகள் தேசபக்திக்காகத் துறைமுகம் மாற்றுவதில்லை. கட்டணம், நேரம், அங்கிருந்து எத்தனை ஊருக்கு இணைப்புக் கப்பல் கிடைக்கும், அவ்வளவுதான் பார்ப்பார்கள். கொழும்பு அந்த வலையைப் பின்னப் பல வருஷம் ஆனது.

22 செப்டம்பர்

இன்றைய தேதிக்கு ஒரு சின்னக் குறிப்பு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் மெட்ராஸ் துறைமுகத்துக்கு முன்னால் வந்து நின்று பர்மா ஆயில் கம்பெனி டாங்குகளைச் சுட்டுக் கொளுத்தியது. உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் கல்வெட்டு இருக்கிறது, போகிற வழியில் பாருங்கள். சேதம் பெரிதில்லை. ஆனால் பட்டணமே கிலி பிடித்து ரயிலேறியது, கப்பல் காப்பீடு எகிறியது, வங்காள விரிகுடாவில் சரக்குப் போக்குவரத்து படுத்தது. எம்டனின் கேப்டன் முல்லருக்கு வேண்டியதும் அதுவே.

எம்டன் எங்கே செத்தது தெரியுமா? நவம்பர் 9, கோகோஸ் தீவில். அங்கே கடலடித் தந்திக் கம்பி நிலையத்தை உடைக்க ஆள் இறக்கியிருந்த நேரத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் வந்து சேர்ந்தது. அதே கோகோஸில்தான் இன்று ஆஸ்திரேலியா நீர்மூழ்கி வேட்டை விமானங்களுக்காக ஓடுபாதையைப் பலப்படுத்துகிறது. 2023 ஜூலையில் நம் விமானங்களும் அங்கே போய் இறங்கின.

கம்பி என்றதும் ஞாபகம். இந்த மாதம் 6ஆம் தேதி ஜெத்தா பக்கம் செங்கடலில் கேபிள் அறுந்து இங்கே பலருக்கு இணையம் நொண்டியது. அறுந்ததில் ஒன்று சீ-மீ-வீ 4 என்ற கடலடி இணையக் கேபிள். அதன் ஒரு கிளை சென்னையில் கரையேறுகிறது. சிங்கப்பூர் போகிற கேபிள்களும் இந்த ஊரில்தான் கடலுக்குள் இறங்குகின்றன. சீ-மீ-வீ 6 போடும் வேலைக்குச் சீனக் கம்பெனி குறைந்த விலைக்குக் கேட்டும், அமெரிக்க அரசு திரைக்குப் பின்னால் அழுத்தி அதைத் தங்கள் நாட்டு சப்காம் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தது என்று ராய்ட்டர்ஸ் 2023இல் விரிவாக எழுதியது. மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிறவருக்கு இந்தச் சண்டை எங்கே தெரியப்போகிறது?

22 செப்டம்பர், இரவு

1942ஐ விட்டுவிட்டீர்களே என்று மயிலாப்பூர் அம்மா ஒருவர் கேட்டிருக்கிறார். சரிதான் அம்மா. அந்த வருஷம் மார்ச்சில் ஜப்பான் அந்தமானைப் பிடித்தது. ஏப்ரல் 5 கொழும்பு, 9 திருகோணமலை என்று குண்டு போட்டது. மெட்ராஸில் அரசு ஆபீஸ்கள் கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர்களுக்கு மூட்டை கட்டின. குண்டு விழுந்தால் கூண்டு உடையும் என்று பயந்து மிருகக்காட்சி சாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டே கொன்றார்கள். ஜப்பான் படை வரவேயில்லை. 1943 அக்டோபரில் ஒரு விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனதோடு சரி.

24 செப்டம்பர்

வந்துவிட்டார் ராஜேந்திர சோழர். "ஆயிரம் வருஷம் முன்பே கடாரம் கொண்டோம், நாமே வல்லரசு" என்று வரிசையாக ஏழெட்டுப் பதிவு. 1025 படையெடுப்பு நடந்தது உண்மை, மெய்க்கீர்த்தியே இருக்கிறது. ஆனால் பிடித்த இடத்தில் சோழர்கள் நிலையாக ஆளவில்லை. மலாக்கா நீரிணை வழியாகப் போகும் வணிகத்தில் சுமத்ராவின் ஸ்ரீவிஜய அரசு கெடுபிடி செய்தது ஒரு காரணம் என்பது பல வரலாற்று ஆய்வாளர்கள் கருத்து. அதே ராஜேந்திரர் 1033இல் சீனாவுக்குத் தூது அனுப்பினார். 1088இல் சுமத்ராவின் பாருஸில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு தமிழ்க் கல்வெட்டு வைத்தது. 1281இல் சீனாவின் சுவான்சோவில் தமிழும் சீனமுமாகக் கல்வெட்டு வைத்துச் சிவன் கோயில் கட்டினார்கள். படை ஒரு தடவை போய் வந்தது. செட்டிமார்கள் அப்புறமும் நூற்றாண்டுக்கணக்கில் போய்க்கொண்டிருந்தார்கள். பெருமைப்படுவதென்றால் இரண்டுக்கும் சேர்த்துப் படலாம்.

30 செப்டம்பர்

கச்சத்தீவைச் சீனாவுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை இங்கே ஒட்டியிருக்கிறார் ஒருவர். அதை விடுங்கள். நிஜமாகவே நடந்த ஒன்று இருக்கிறது. 2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் அமைக்கும் வேலை ஒரு சீனக் கம்பெனிக்குப் போனது. ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரை. டெல்லி எதிர்த்தது. டிசம்பரில் "மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை" என்று சொல்லிச் சீனா நிறுத்திக்கொண்டது. பிறகு இந்தியா மானியமாகவே பணம் தருவதாகச் சொல்லி அந்த வேலையை எடுத்துக்கொண்டது. தீவு மக்களுக்கு யார் கொடுத்தாலும் கரன்ட் கரன்ட்தான்.

அதே டிசம்பரில் கொழும்பின் சீனத் தூதர் யாழ்ப்பாணம் போய், மேல்சட்டை இல்லாமல் வேட்டி கட்டி நல்லூர் கந்தனைக் கும்பிட்டார். மன்னார் பக்கம் ராமர் பாலம் வரை போய்ப் பார்த்தார். 2019இல் மாமல்லபுரத்தில் நம் பிரதமர் வேட்டி கட்டி ஷி ஜின்பிங்கை வரவேற்றதை இதோடு சேர்த்துப் பாருங்கள். தமிழ்க் கரையில் காரியம் ஆக வேண்டும் என்றால் வேட்டி இல்லாமல் முடியாது போல. எட்டு முழமா நாலு முழமா என்பதை வெளியுறவு நிபுணர்கள் ஆராயட்டும்.

11 அக்டோபர்

அந்த மாமல்லபுரச் சந்திப்பு நடந்து இன்றோடு ஆறு வருஷம். கிண்டியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வரை வாழைமரமும் தோரணமுமாக இருந்தது. அர்ஜுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை, கடற்கரைக் கோயில் எல்லாம் உலக டிவியில் வந்தன. சுவான்சோவையும் பேச்சில் இழுத்தார்கள். 2020 ஜூன் 15 அன்று லடாக் எல்லையில் கல்வானில் சீனப் படையோடு மோதியதில் நம் வீரர்கள் 20 பேர் செத்தார்கள். அதில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்.

அதற்கப்புறம் துறைமுகத்தில் என்ன நடந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். சீனாவிலிருந்து வந்த பெட்டிகள் நின்றன. எழுத்தில் உத்தரவு எதுவும் காட்டவில்லை, "நூறு சதவீதம் திறந்து பார்க்கணும்" என்று வாய்மொழி. செல்போன் பாகம், மருந்து மூலப்பொருள், கார் பாகம், எல்லாம் ஒன்றாக மாட்டியது. டெமரேஜ் மீட்டர் ஓடியது. யாருக்கு நஷ்டம்? ஷாங்காயில் இருந்தவன் பணத்தை ஏற்கெனவே வாங்கிவிட்டான். அம்பத்தூர் பட்டறைக்காரர்தான் வங்கி வட்டி கட்டினார். அந்த வாரங்களில் "நல்லா வேணும் சீனாவுக்கு" என்று பேசிய கஸ்டமர் ஒருவரே, தன் பெட்டி மாட்டியதும் என்னிடம் "ஏதாவது பண்ணுங்க" என்று கெஞ்சினார்.

இப்போது அதே ஆயுதம் அந்தப் பக்கமிருந்து வருகிறது. இந்த ஏப்ரலில் அரிய மண் தனிமங்கள் ஏழுக்கும் அவற்றின் காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதி லைசென்ஸ் வைத்தது. மின்சார வண்டி மோட்டார், பவர் ஸ்டியரிங், எல்லாவற்றுக்கும் அந்தக் காந்தம் வேண்டும். நேற்று முன்தினம், 9ஆம் தேதி, கட்டுப்பாட்டை இன்னும் அகலமாக விரித்திருக்கிறார்கள். ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனியில் இருக்கும் என் மருமகன், "காந்தம் எங்கே போகிறது, ராணுவத்துக்கா என்று உறுதிமொழிப் படிவம் நிரப்பிக் கொடுக்கச் சொல்றாங்க மாமா" என்கிறார். ஜூலையில் ஃபாக்ஸ்கான் தன் இந்திய ஐபோன் ஆலைகளிலிருந்து சீனப் பொறியாளர்களைத் திரும்ப அழைத்ததாகவும் செய்தி வந்தது.

இதை யோசித்தால், தியான்ஜின் பயணத்தைத் தம்பி குத்திக்காட்டியதில் எனக்கு உடன்பாடு வரமாட்டேன் என்கிறது. காந்தத்துக்கு அவனிடம் போய்த்தான் நிற்க வேண்டியிருக்கிறது. இன்னொரு பக்கம், இருபது பேர் செத்த ஐந்தே வருஷத்தில் இப்படிப் போய் நிற்கிறோமே என்பதும் உறுத்துகிறது.

22 அக்டோபர்

தீபாவளி அலைச்சலில் இந்தப் பக்கம் வரவில்லை. அதற்குள் "மலாக்காவை மூடிவிட்டால் சீனா மண்டியிடும்" என்று ஒரு நீண்ட பதிவு. படிக்க ஜோர். சீனாவின் எண்ணெயில் பெரும்பங்கு அந்த வழியாகப் போவதும், 2003இலேயே ஹூ ஜின்டாவோ அதைப் பற்றிக் கவலைப்பட்டதும், நிக்கோபார் தென்முனையிலிருந்து சுமத்ரா எட்டிவிடும் தூரத்தில் இருப்பதும் உண்மை. கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பேயில் 2012இல் கடற்படை விமானத்தளம் வைத்ததும் அந்த வாசலில் கண் வைக்கத்தான்.

ஆனால் மூடுவது என்றால் யாருக்கு மூடுவது? பனாமாக் கொடி, லைபீரியா முதலாளி, கிரேக்க கேப்டன், பிலிப்பைன்ஸ் மாலுமி, ஜப்பான் காப்பீடு, உள்ளே பாதி கொரியாவுக்கும் பாதி சீனாவுக்கும் சரக்கு. எந்தக் கப்பல் சீனக் கப்பல்? நம் கடல் வணிகத்தில் பாதிக்கு மேல் அந்தப் பக்கம்தான் போகிறது. சென்னை - விளாடிவோஸ்டாக் பாதை என்று 2019இல் ரஷ்யாவோடு கையெழுத்துப் போட்டோமே, 5,600 கடல் மைல், அதுவும் மலாக்கா தாண்டித் தென்சீனக் கடல் வழியாகத்தான் போக வேண்டும். மூடினால் சீனக் கப்பல்கள் சுந்தா, லொம்பொக் நீரிணைகள் வழியாகச் சுற்றிப் போகும், கொஞ்சம் செலவு கூடும்.

கிரேட் நிக்கோபாரில் கட்டப்போகும் துறைமுகம் பற்றி ஆமைகளுக்காகக் கவலைப்படுகிறவர்களை "தேசவிரோதி" என்று திட்டியிருக்கிறீர்கள். அந்த கலாத்தியா விரிகுடா கடற்கரைதான் லெதர்பேக் என்கிற ஏழுவரிக் கடலாமை முட்டையிடும் இடம், காட்டுக்குள் ஷோம்பென் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். கடற்படைத் தளத்துக்கு வேண்டிய இடம் வேறு, அதோடு சேர்த்துப் போட்டிருக்கும் டவுன்ஷிப்புக்கு வேண்டிய இடம் வேறு. இரண்டையும் பாதுகாப்பு என்ற ஒரே பையில் போட்டால் கேள்வி வரத்தான் செய்யும்.

1 நவம்பர்

இரண்டு நாளில் இரண்டு செய்தி. 30ஆம் தேதி தென் கொரியாவின் பூசானில் டிரம்ப்பும் ஷியும் உட்கார்ந்து பேசினார்கள். அமெரிக்கா சீனா மேலான வரியில் கொஞ்சம் குறைத்தது, சீனா அக்டோபர் 9 கட்டுப்பாட்டை ஒரு வருஷம் தள்ளிவைத்தது. 31ஆம் தேதி கோலாலம்பூரில் நம் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங்கும் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ஹெக்செத்தும் பத்து வருஷப் பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள்.

அதாவது நம்மோடு பத்து வருஷ ராணுவ நட்பு. கூடவே ரஷ்ய எண்ணெய்க்காக ஆகஸ்டில் போட்ட வரியையும் சேர்த்து நம் சரக்குக்கு 50 சதவீதம். 2025 நவம்பர் வரை அந்த 50 திருப்பூர் பனியனுக்கும் ஆம்பூர் ஷூவுக்கும் அப்படியே நின்றது. தம்பி உதாரணம் காட்டிய ஜப்பான், பத்திரம் எழுதிக் கொடுத்த கூட்டாளி. அதற்கும் 2025இல் 15 சதவீத வரி, மேலே 55,000 கோடி டாலர் முதலீட்டு வாக்குறுதி. இந்த வருஷம் இந்தியாவில் நடக்க வேண்டிய குவாட் உச்சி மாநாட்டுக்கு நவம்பர் வந்தும் தேதி இல்லை. கூட்டணி சேர்ந்தால் தீர்ந்தது என்பது இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது என்று தம்பியே சொல்லட்டும்.

எனக்கு வாஷிங்டன் மேல் கோபமில்லை. காட்டுப்பள்ளியில் அவர்கள் கப்பல் வரட்டும், பணம் கட்டட்டும். கொழும்போடு நன்றாக இருப்பது இன்னும் முக்கியம் என்பேன். 2022 மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து அரிசியும் பால்பவுடரும் மருந்தும் ஏற்றிப் போன கப்பலை நான் மறக்கவில்லை. தமிழ்நாடு அனுப்பியது. மூன்று மாதத்தில் யுவான் வாங்கும் வந்துவிட்டது, அதையும் மறக்கவில்லை. பசியில் இருக்கிறவன் இரண்டு பேரிடமும் வாங்குவான். இலங்கை ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்கவின் கட்சி ஒரு காலத்தில் இந்திய எதிர்ப்பிலேயே வளர்ந்தது. இந்த ஜனவரியில் அவர் பீஜிங் போனபோது ஹம்பாந்தோட்டை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு 370 கோடி டாலர் ஒப்பந்தம் ஆனது. ஏப்ரலில் அவரே இந்தியாவோடு பாதுகாப்பு ஒப்பந்தமும் போட்டார், திருகோணமலையில் எரிசக்தி மையத்துக்கும் ஒப்புக்கொண்டார். கெட்டிக்காரர்.

2 நவம்பர்

ஆய்வுக் கப்பல்களுக்கு இலங்கை 2024 முழுக்கத் தடை போட்டதே, அது என்ன ஆனது என்று கேட்டவருக்கு: தடை முடிந்தது, விதிமுறை எழுதுகிறோம் என்றார்கள். அது முடியாததால் இந்த வருஷம் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் மீன்வள ஆய்வுக் கப்பலின் பயணமே தடைப்பட்டது. இந்தியாவும் சீனாவும் முறைத்துக்கொண்டதில் இலங்கை மீனவனுக்குத் தன் கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்ற கணக்குப் போனது.

2 நவம்பர், இரவு

காட்டுப்பள்ளியில் வெல்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்று சிலர் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார்கள். நான் பெட்டி விடுவித்தவன், கப்பல் ஒட்டியவன் இல்லை; அங்கே எனக்கு யாரையும் தெரியாது. ஐ.டி.ஐ. முடித்தவர்கள் கப்பல் வெல்டிங் சான்றிதழ் வாங்கிக்கொண்டு நேரில் விண்ணப்பியுங்கள். மற்றபடி மலாக்காவை மூடுவது பற்றி இன்னும் யாருக்காவது ஆசை இருந்தால் வேறு இழை திறந்துகொள்ளுங்கள், நான் வரமாட்டேன்.